ஆளில்லாத தீவைத் தேடுவோருக்கு

கனடாவிலிருந்து வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அடுத்த விடுமுறைக்குக் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் வருகிறாராம். பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். முந்திய விடுமுறையில் அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால், அத்திலாந்திக் சமுத்திரத்தில் இருக்கும் சிறு தீவுகள் சிலவற்றுக்குப் போய்வந்திருக்கிறார்கள். செங்குத்துப் பாறைகள், கடற்பறவைகள், கூரை இழந்த கல்வீடுகள், ஆளரவமற்ற புல்வெளிகள். பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். "நம்முடைய கடலிலும் தீவுகள் இருக்கின்றனவே ஐயா, அவற்றுள் அப்படி ஆளில்லாமல் இயற்கையாகவே கிடக்கும் தீவு எது? நெடுந்தீவுக்குப் போகலாமா, கச்சதீவுக்குப் போகலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

நான்கு வரியில் தனி மடலாகப் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் போர் முடிந்த பின்னர் இதே கேள்வியை என்னிடம் பலர் கேட்டுவிட்டார்கள். இலண்டனிலிருந்தும் கேட்டார்கள், சென்னையிலிருந்தும் கேட்டார்கள். ஆகவே பொதுவாகவே எழுதிவிடுகிறேன். தீவுகளைப் பார்க்க வாருங்கள். நல்ல விடயம். ஆனால் 'ஆளில்லாத' என்ற அந்தச் சொல்லை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். எங்கள் கடலில் காணப்படும் வெறுமையில் பெரும்பகுதி இயற்கை தந்ததன்று. மனிதர் வாழ முடியாமற்போனதால் வந்தது. அதனை அழகென்று மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால், மிஞ்சியிருப்பவர்களும் வெளியேறும் நாளை நாமே விரைவாக்குகிறோம் என்பது என் கருத்து.

நான் தீவகத்தைச் சேர்ந்தவன் அல்லன். கொழும்புத்துறைக்காரன். எங்கள் ஊரின் பெயரிலேயே 'துறை' இருக்கிறது. கரையில் நின்றால் கடல்நீரேரிக்கு அப்பால் பூநகரிப் பக்கம் மங்கலாகத் தெரியும். வள்ளத்தை நம்பியிருக்கும் வாழ்க்கை எப்படிப்பட்டது என்பது எங்கள் முந்திய தலைமுறையினருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனாலும் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். குடாநாட்டில் இருந்த நாங்கள் தீவுப்பகுதி மக்களை மரியாதையாகப் பார்த்தவர்கள் அல்லர். 'தீவான்' என்ற சொல் எங்கள் வீடுகளிலும் பள்ளிக்கூடங்களிலும் எந்தத் தொனியில் புழங்கியது என்பது என் வயதொத்தவர்களுக்கு நினைவிருக்கும். அதே தீவுகளை இன்று 'அருமையான இடம்' என்று படம் பிடித்துப் போடுகிறோம். பார்வை மாறியது நல்லதுதான். ஆனால் மாறிய பார்வையிலும் அங்கே வாழும் மனிதர்கள் கண்ணில் படுவதில்லை என்பதுதான் என் கவலை.

தொண்ணூறுகளின் முற்பகுதியில் நான் பல்கலைக்கழகத்தில் புவியியலை ஒரு பாடமாகப் படித்தேன். தீவுகளின் சுண்ணக்கல் அமைப்பு, நன்னீர்ப் படிவுகள், பருவக்காற்று எல்லாவற்றையும் கரும்பலகையில் பார்த்தோம். போய்ப் பார்க்க முடியவில்லை. பண்ணைப் பாலத்துக்கு அப்பால் இராணுவம் இருந்தது, இப்பால் நாங்கள் இருந்தோம். கண்ணுக்கெட்டும் தூரத்திலிருந்த மண்டைதீவு எங்களுக்கு வேறொரு நாடாக இருந்தது.

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்காக ஒரு சிறு அறிமுகம். மண்டைதீவு, வேலணைத்தீவு, புங்குடுதீவு, காரைதீவு எனப்பட்ட காரைநகர் ஆகியன பாலங்களாலும் தாம்போதிகளாலும் நிலத்தோடு இணைக்கப்பட்டவை. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்குக்கும் இன்றும் படகில்தான் போகவேண்டும். முதல் இரண்டுக்கும் புங்குடுதீவின் குறிகட்டுவானிலிருந்தும், பின் இரண்டுக்கும் ஊர்காவற்றுறையிலிருந்தும் படகுகள் புறப்படுகின்றன. ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. அனலைதீவு ரொட்டர்டாம் ஆயிற்று. நெடுந்தீவுக்கு வைத்த டெல்வ்ற் என்ற பெயர் மட்டும் அரச ஆவணங்களில் இன்றும் வழங்குகிறது.

பெரும்பாலானோர் பார்க்க விரும்புவது நெடுந்தீவைத்தான். ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர் பரப்பு. இன்று அங்கே வாழ்வோர் சில ஆயிரம் பேர். காலைப் படகில் வந்திறங்கும் பயணிகள் மாவலித்துறையில் ஒரு வாகனத்தை அமர்த்திக்கொண்டு கட்டைக் குதிரைகளையும், பெருக்கமரத்தையும், கோட்டையின் இடிபாடுகளையும், புறாக்கூட்டையும், பவளக்கல் வேலிகளையும் பார்த்துவிட்டுப் பின்னேரப் படகில் திரும்பிவிடுகிறார்கள். "கைபடாத இயற்கை" என்று எழுதுகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குதிரைகள் ஐரோப்பியர் கொண்டுவந்து பெருக்கியவை. பெருக்கமரம் ஆபிரிக்க மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்து நட்டது என்பது பொதுவான நம்பிக்கை. கோட்டையையும் புறாக்கூட்டையும் ஆட்சியாளர் கட்டுவித்தார்கள். எல்லாவற்றிலும் அழகான அந்தப் பவளக்கல் வேலிகளைச் சாந்தில்லாமல், கல்லின் மேல் கல்லை வைத்து அடுக்கியவர்கள் நெடுந்தீவின் குடிமக்கள். ஆட்டையும் மாட்டையும் மறிக்கவும், காணியின் எல்லையைக் காட்டவும், காற்றிலிருந்து பயிரைக் காக்கவும் தலைமுறை தலைமுறையாக அடுக்கியிருக்கிறார்கள். நெடுந்தீவில் நம்மைக் கவருவன அனைத்தும் மனிதர் கைபட்டவை. 2015 இல் தீவின் ஒரு பகுதி, 1,800 ஹெக்டேயருக்கு மேல், தேசிய பூங்காவாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. காப்பது நல்லதுதான். ஆனால் அந்நிலத்துக்கும் ஒரு குடியிருப்பு வரலாறு உண்டு என்பதை மறந்துவிடக்கூடாது.

வாசகரின் பிள்ளைகளுக்குப் பிடித்த அத்திலாந்திக் தீவுகளுக்கு வருவோம். அங்கே அவர்கள் கண்ட கூரையிழந்த வீடுகளுக்கும் ஒரு கதை இருக்கிறது. ஸ்கொட்லாந்தின் வெளித்தீவுகளுக்கும் மேற்கே, ஏறத்தாழ 65 கிலோமீற்றர் கடலுக்குள் இருப்பது சென்ற் கில்டா. கடற்பறவைகளைப் பிடித்துண்டும், ஆடு வளர்த்தும் பல நூற்றாண்டுகள் மக்கள் வாழ்ந்த தீவுக்கூட்டம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீராவிக் கப்பல்களில் உல்லாசப் பயணிகள் அங்கே வரத் தொடங்கினார்கள். தீவு மக்களை ஏதோ காட்சிப்பொருளைப்போலப் பார்த்தார்கள், அவர்கள் நெய்த துணியையும் பறவை முட்டைகளையும் விலைக்கு வாங்கினார்கள், கோடை முடிந்ததும் போய்விட்டார்கள். குளிர்காலத்தில் நோயாளியை ஏற்றிச்செல்ல மட்டும் கப்பல் வரவில்லை. இளைஞர்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியில் மிஞ்சிய 36 பேரும், தங்களைக் கொண்டுபோய்விடும்படி தாங்களே அரசுக்கு எழுதிக் கேட்டு, 1930 ஓகஸ்ட் 29 ஆம் திகதி கப்பலேறினார்கள். இன்று அது உலக மரபுரிமைத் தலம். படகில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

அயர்லாந்தின் தென்மேற்கு முனையில் உள்ள பெரிய பிளாஸ்கெற் தீவின் கதையும் அதேதான். ஒரு காலத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த தீவு. மீனவரான தோமாஸ் ஓ கிறிஹின் போன்றவர்கள் ஐரிஷ் மொழியில் எழுதிய நூல்களால் அத்தீவின் பெயர் உலகறிந்தது. 1946-47 குளிர்காலத்தில் மூளைக்காய்ச்சல் கண்ட ஓர் இளைஞன், கடல் கொந்தளிப்பினால் மருத்துவர் வர முடியாமல் இறந்துபோனான். ஏழு ஆண்டுகள் கழிவதற்குள், 1953 நவம்பரில், எஞ்சியிருந்த ஏறத்தாழ இருபது பேரையும் அரசு கரையேற்றியது. புயல் அங்கே எப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. தங்களுக்கு ஆபத்து வந்தால் எவரும் வரமாட்டார்கள் என்று மக்கள் உறுதியாக அறிந்துகொண்டபோதுதான் தீவு முடிந்தது.

எங்கள் தீவுகளின் கதை இதனிலும் கொடியது. இங்கே காற்றும் கடலும் மட்டும் மக்களைத் துரத்தவில்லை. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்படப் பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்தவர்கள் கடற்படையினர் என்று உயிர்தப்பியவர்கள் சாட்சியம் அளித்தார்கள். படகு ஒன்றே வழியாக இருக்கும் ஊரில், அந்தப் படகிலேயே அப்படி ஒன்று நடந்தால் அதன்பின் மக்கள் எந்த மனத்தோடு கடலைக் கடந்திருப்பார்கள்? 1990, 1991 ஆம் ஆண்டுகளின் இராணுவ நடவடிக்கைகளோடு வேலணை, புங்குடுதீவு, மண்டைதீவு மக்களில் பெரும்பகுதியினர் இடம்பெயர்ந்தார்கள். முதலில் யாழ்ப்பாணத்துக்கு, பிறகு கொழும்புக்கு, பிறகு ரொறன்ரோவுக்கும் பாரிசுக்கும் சுவிற்சர்லாந்துக்கும். புங்குடுதீவில் ஒழுங்கைக்கு ஒழுங்கை காணப்படும் கூரையற்ற கல்வீடுகள் அந்த நாட்களில் பூட்டப்பட்டவை. அவற்றின் மேல் ஆலும் அரசும் வேரோடியிருப்பதைப் 'படத்துக்கு நல்ல காட்சி' என்று சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது.

வெறும் உறுத்தல் மட்டுமென்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். 'ஆளில்லாத தீவு' என்ற எண்ணம் ஆபத்தானது என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டுகள் உண்டு. பூநகரிக்கு அப்பால் உள்ள இரணைதீவு மக்கள் 1992 இல் இடம்பெயர்ந்தவர்கள். போர் முடிந்த பின்னரும் கடற்படை அவர்களை மீளக் குடியேற விடவில்லை. 2017 மே மாதம் முதல் கரையில் அமர்ந்து போராடிப் பார்த்தார்கள். முடிவில் 2018 ஏப்ரல் 23 ஆம் திகதி தாங்களே படகுகளில் ஏறித் தங்கள் தீவில் போய் இறங்கிவிட்டார்கள். அது நடந்து மூன்று ஆண்டுகள்கூட ஆகாத நிலையில், 2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்களை இரணைதீவில் அடக்கம் செய்யலாம் என அரசு அறிவித்தது. மாதக்கணக்கில் உடல்களை எரித்து முஸ்லிம் மக்களை வதைத்த அரசு, கடைசியில் அடக்கம் செய்வதற்கு இடம் தேடியபோது அதன் கண்ணில் பட்டது ஒரு 'வெறுந்தீவு'. அங்கே மக்கள் இருக்கிறார்கள் என்பது கொழும்பில் இருந்தவர்களின் நினைவிலேயே இல்லை. தீவு மக்கள் எதிர்த்தார்கள், முஸ்லிம் தலைவர்களும் எதிர்த்தார்கள். பின்னர் அடக்கங்கள் ஓட்டமாவடியில் நடந்தன.

மற்றொன்று மின்சாரம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியும் காற்றும் கலந்த மின் திட்டம் ஒன்று 2021 சனவரியில் சீன நிறுவனம் ஒன்றுக்கு வழங்கப்பட்டது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டு இறுதியில் சீனத் தரப்பு திட்டத்தை நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்படிக்கை, 2024 மார்ச்சில் இந்திய நிறுவனம் ஒன்றோடு ஒப்பந்தம், 1 கோடியே 10 இலட்சம் டொலர் இந்திய நன்கொடை. பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. யாருடைய காற்றாடி யாருடைய கரையைப் பார்க்கும் என்பதே எல்லாவற்றிலும் பேச்சு. விளக்கு எரியவேண்டிய வீடுகளைப் பற்றி நான் படித்தது மிகக் குறைவு.

கச்சதீவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 285 ஏக்கர், குடிநீர் இல்லை, குடியிருப்பு இல்லை. ஆண்டுக்கொருமுறை அந்தோனியார் கோவில் திருவிழாவுக்கு இரு கரையிலிருந்தும் மக்கள் கூடுவார்கள். 1974 உடன்படிக்கை முதல் அதைப் பற்றிப் பேசாத அரசியல்வாதி இல்லை. 2024 இந்தியத் தேர்தலில் பிரதமர் மோடி பேசினார். 2025 செப்ரெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அங்கே நேரிலேயே போய்வந்தார். எவரும் வாழாத அந்தத் தீவுக்குக் கிடைக்கும் கவனத்தில் பத்தில் ஒன்று மக்கள் வாழும் எழுவைதீவுக்குக் கிடைத்திருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்.

இனி நம்மைப் போன்ற பயணிகளைப் பற்றி. விடுமுறை நாளொன்றில் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போய்ப் பாருங்கள். நயினாதீவுக்கு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கவும் நாகவிகாரையை வழிபடவும் வருவோரின் கூட்டம் ஒருபுறம். நெடுந்தீவுக்குக் குதிரை பார்க்க வருவோர் மறுபுறம். இவர்களுக்கு நடுவே அரிசி மூட்டையும் எரிவாயுச் சிலிண்டரும் மருந்துப் பொதியுமாகத் தீவு மக்கள் நிற்பார்கள். அப்படியொரு நாள் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவருக்குப் படகில் இருக்க இடம் கிடைக்கவில்லை. எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன். "ஆச்சி, எப்பவும் இப்பிடித்தான் சனமோ?" என்று கேட்டேன். "லீவு நாளெண்டால் இப்பிடித்தான் தம்பி. சோளகம் எழும்பினால் ஒருத்தரும் வரமாட்டினம். அப்ப நாங்கள் மட்டும்தான்" என்றார். அவர் கோபத்தோடு சொல்லவில்லை. மழை பெய்யும், வெயில் எறிக்கும் என்பதைப்போலச் சொன்னார்.

சுற்றுலா வருமானம் தருகிறதே, வாகனக்காரருக்கும் கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கிறதே என்று கேட்பீர்கள். மறுக்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆனால் காலையில் வந்து பின்னேரம் திரும்பும் பயணி, சாப்பாட்டுப் பொதியையும் தண்ணீர்ப் போத்தலையும் யாழ்ப்பாணத்திலிருந்தே கொண்டுவருகிறார். தீவில் அவர் விட்டுச்செல்வது பெரும்பாலும் அந்தப் போத்தலைத்தான். ஏற்கெனவே உவர்நீரோடு போராடும் தீவு அது. வரட்சிக் காலத்தில் அந்தக் குதிரைகளே குடிக்க நீரின்றிச் செத்து விழுகின்றன. இந்திய இழுவைப்படகுகள் தீவைச் சுற்றியுள்ள கடலை அரித்துக்கொண்டிருக்க, மீனவரின் வருமானமும் குறைகிறது. இந்நிலையில் நாம் கொண்டுவரும் பணம் அங்கே தங்கவேண்டும். நாம் ஏறும் படகு அவர்களுடைய இடத்தைப் பறிக்காமலும் இருக்கவேண்டும்.

அத்திலாந்திக் நாடுகள் தாமதமாகவேனும் பாடம் கற்றிருக்கின்றன. ஸ்கொட்லாந்து 2018 இல் தீவுகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அரச அமைப்புகள் புதிய கொள்கையோ சேவையோ கொண்டுவரும்போது, அது தீவு மக்களை மற்றவர்களிலும் வேறுவிதமாகப் பாதிக்குமா என்று ஆராயவேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அயர்லாந்து 2023 இல் தீவுகளுக்கான பத்தாண்டுக் கொள்கையை வெளியிட்டது. தீவில் பாழடைந்த வீட்டைத் திருத்திக் குடியிருக்க 84,000 யூரோ வரை உதவி உண்டு. சட்டத்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஸ்கொட்லாந்தின் ஆரன் தீவுக்கு 2018 இல் வந்திருக்கவேண்டிய கப்பல் 2025 சனவரியில்தான் சேவைக்கு வந்தது. ஆனால் தீவு மக்கள் அங்கேயே வாழவேண்டும் என்பதை அந்த அரசுகள் கொள்கையாகவேனும் ஏற்றிருக்கின்றன. அந்த முதற் படியை நாங்கள் இன்னும் எடுத்துவைக்கவில்லை.

இங்கே என்ன செய்யலாம்? எனக்குத் தோன்றுவன மூன்று.

முதலாவது, படகு. காலை, மாலைச் சேவைகளில் தீவு மக்களுக்கென இடங்களை ஒதுக்கிவிட்டு மீதியையே பயணிகளுக்குக் கொடுக்கவேண்டும். விடுமுறை நாட்களில் பயணிகளுக்குத் தனிப் படகு விட்டு, கூடிய கட்டணம் அறவிட்டு, அந்தப் பணத்தைத் தீவு மக்களின் படகைப் பராமரிக்கவே செலவிடவேண்டும். 2017 இல் வெளிநாட்டு உதவியோடு 'நெடுந்தாரகை' சேவைக்கு விடப்பட்டபோது நாமெல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் படகை வாங்குவதற்கு உதவி கிடைத்துவிடும். எரிபொருளுக்கும் திருத்த வேலைக்கும் ஆண்டுதோறும் பணம் வேண்டும். அதை யார் தருவது என்பதை எழுதிவைக்கவேண்டும்.

இரண்டாவது, இரவில் வரும் நோய். எந்தக் காலநிலையிலும் நோயாளியை ஏற்றிச்செல்லத்தக்க படகு ஒன்று, கடற்படையின் தயவில் இல்லாமல், சுகாதாரத் துறையின் பொறுப்பில் ஒவ்வொரு தீவுக்கும் இருக்கவேண்டும். கர்ப்பிணிப் பெண் நாள் நெருங்குமுன்பே யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கவேண்டியிருக்கும் தீவில், இளங்குடும்பங்கள் எப்படி நிலைக்கும்?

மூன்றாவது, புலம்பெயர்ந்த உறவுகளுக்கு. ஊர்ச் சங்கங்கள் மூலம் நீங்கள் செய்த உதவிகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கோவில்கள் எழுந்திருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் திருத்தப்பட்டிருக்கின்றன. ஆனால் கோபுரம் உயர்ந்த ஊர்கள் சிலவற்றில் தேர் இழுக்க ஆளில்லை. அடுத்த திருப்பணிக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை, தீவில் தங்கிப் படிப்பிக்க வரும் ஆசிரியருக்கும் தாதிக்கும் நல்ல விடுதி கட்டக் கொடுங்கள். பூட்டிக் கிடக்கும் உங்கள் வீட்டை, குடியிருக்க விரும்பும் குடும்பம் ஒன்றுக்கு எழுத்து மூலமான உடன்பாட்டோடு கொடுங்கள். உரிமை உங்களுடையதாகவே இருக்கும். அடுப்பெரியும் வீடு இடிந்துவிழாது.

வாசகருக்கு என் பதில் இதுதான். கச்சதீவை விடுங்கள். பிள்ளைகளை நெடுந்தீவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வார நாளில் போங்கள். ஓர் இரவாவது அங்கே தங்குங்கள். தீவில் சமைத்த சோற்றையும் தீவில் பிடித்த மீனையும் சாப்பிடுங்கள். வெறும் போத்தல்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள். குதிரைகளையும் பெருக்கமரத்தையும் தாராளமாகப் பாருங்கள். பிறகு பவளக்கல் வேலி ஒன்றின் அருகே பிள்ளைகளை நிறுத்தி, இதை அடுக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள். வேலிக்கு உள்ளே நிற்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் ஊர்களில் உங்கள் ரொறன்ரோவும் இருக்கும்.